துள்ளாண்டிக்குப் பட்ட கண்

துள்ளாண்டி என்கிற கழுதைக்குட்டி முருகவிலாஸ் டாக்கீஸின் திரையை விட்டு இறங்கி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி உட்கார்ந்திருந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்த நேரம் அது. இறங்கி வந்ததும் அந்தச் சனம் என்ன செய்தது என்று கேளுங்கள்: அலறவுமில்லை, எழுந்து ஓடவுமில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அதற்கு இடம் விட்டது. மடியில் பிள்ளையோடு முன்னால் இருந்த ஒருத்தி, பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்குது, உட்கார் சாமி என்று அதன் முதுகைத் தட்டினாள். நனைந்து காய்ந்த காகிதத்தைத் தொட்ட மாதிரி இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். துள்ளாண்டியும் சமர்த்தாக உட்கார்ந்து மெயின் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, சனத்தோடு சனமாக வெளியே வந்து, நிலா வெளிச்சத்தில் கடைவீதிப் பக்கம் துள்ளிப் போனது. டிக்கெட் கிழிக்கிறவர் மட்டும் இதுக்கு டிக்கெட் எடுத்தது யாருங்க என்று கேட்டுப் பார்த்தார்.

அதை ஆக்கினவர் நாச்சிமுத்து. அவர் அன்றைக்கு டாக்கீஸில் இல்லை. தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, மானம் போச்சு என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு வரிசை நின்ற காலம். நொய்யல் ஆற்றோரத்தில், மில் சங்கு ஊதினால் எழுந்து மில் சங்கு ஊதினால் படுக்கிற பொன்னாண்டாம்பாளையத்தில், பருத்தி வியாபாரத்தில் நாலு காசு பார்த்த வேங்கடபதி முதலாளி ஆசைக்கு ஒரு சினிமா ஸ்டுடியோ கட்டியிருந்தார். வெள்ளைக்காரன் பொம்மையை வரைந்து ஓடவிட்டு உலகத்தையே சிரிக்க வைக்கிறான், நம்மால் ஆகாதா என்று அவருக்கு ஒரு ரோசம். காலண்டருக்குச் சாமி படம் வரைந்துகொண்டிருந்த நாச்சிமுத்துவைக் கூட்டிவந்து ஒரு கொட்டகையைக் கொடுத்து, வரையப்பா, எது வேணுமானாலும் வரை, அது ஓடணும் என்றார். நாச்சிமுத்துவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது, கல்யாணம் காட்சி கிடையாது, மூக்கு நுனியில் கோபம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, பென்சிலைக் கையில் பிடித்துவிட்டால் அந்த மனுசன் வேறு ஆள். ஒரே ஒரு துள்ளலுக்குக் கத்தை கத்தையாகப் படம் வேண்டும், ஒவ்வொன்றிலும் கால் ஒரு நூல் நகர்ந்திருக்க வேண்டும், காது ஒரு நூல் தாழ்ந்திருக்க வேண்டும். அத்தனையையும் அவர் ஒருத்தரே வரைந்தார். முகத்துக்கு மாதிரி வேண்டுமே என்று மேசைமேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி, அதைப் பார்த்துச் சிரிப்பார், முறைப்பார், இடது புருவத்தை மட்டும் தூக்குவார், உதட்டைப் பிதுக்குவார், அதையெல்லாம் கழுதைக்குட்டியின் முகத்தில் ஏற்றுவார். வரைந்து முடித்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சோறு ஆறிப்போகும், டீ ஆறிப்போகும், அவர் பார்த்துக்கொண்டேயிருப்பார். துள்ளாண்டி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அவர் காகிதத்தில் வரைந்ததைக் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற தாளில் மையால் பிரதி எடுக்க ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். மில்லில் அறுந்த நூலைக் கண்ணுக்குத் தெரியாமல் முடிச்சுப் போட்டுப் பழகிய கைகள், கோடு பிசகாது. அவர்களுக்குத் தலைவி தெய்வாத்தாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் எதிராளி பேச மாட்டான். இந்தப் பெண்கள்தான் நாச்சிமுத்துவின் மானத்தை வாங்கிய அந்தத் தப்பைச் செய்தார்கள். தப்பு என்று தெரிந்து செய்தது இல்லை. அழகாக ஒரு உயிரை எழுதி முடித்துவிட்டு அதன் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் எழுந்துபோக அவர்களில் ஒருத்திக்கும் மனசு வரவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பவுடர் பூசினால் கை தானாக மைக்கிண்ணத்துக்குப் போகுமல்லவா, அந்த மாதிரி ஒவ்வொரு தாளிலும் ஒரு பொட்டு. ஒருத்தி கன்னத்தில் வைத்தாள், ஒருத்தி சற்று மேலே, ஒருத்தி தாடை ஓரம். ஒரு தாளைப் பார்த்தால் பொட்டு லட்சணமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் என்ன ஆகும் என்று யார் நினைத்தார்கள்?

படம் மெட்ராசுக்குப் போய்க் கழுவி வந்து ஓட்டிப் பார்த்தபோது, நாச்சிமுத்து பார்த்துப் பார்த்து எழுதிய முகத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி அங்குமிங்கும் ஓடியது. மறுபடி எழுதலாம் என்றால் முடியாது. தாளுக்குப் பஞ்சம், படம் பிடித்ததும் மையை அழித்துக் கழுவி அடுத்த படத்துக்கு வைத்துவிட்டார்கள். நாச்சிமுத்து கொட்டகைக்கு வந்து ஆடிய ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் கேட்டது. காகிதத்துக்கு எவன் கண்ணு படும், சொல்லு, எவன் கண்ணு படும் என்று தெய்வாத்தாளை நிற்க வைத்துக் கேட்டார். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அவரையே ஒரு நொடி பார்த்துவிட்டு, மைக்கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள்.

அந்தப் படம்தான் அந்த வெள்ளிக்கிழமை மெயின் படத்துக்கு முன்னால் ஓடியது. திரையில் பொட்டு ஓட ஓட, துள்ளாண்டியின் கண் அதன் பின்னால் ஓடியது. நாச்சிமுத்து அப்படி எழுதவில்லை. கண்ணை அவர் நேராகத்தான் எழுதியிருந்தார். மாறுகண்ணாகி, தலையைச் சுற்றி, நாக்கை நீட்டி அந்தப் பொட்டைப் பிடிக்கப் பார்த்தது குட்டி. சனம் உருண்டது. கடைசியில் பொட்டு அதன் மூக்கு நுனியிலிருந்து தாவி வெளியே பறந்தது, துள்ளாண்டியும் பின்னாலேயே தாவியது, மீதியைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் ஊர் தன் வேலையைப் பார்த்தது, துள்ளாண்டியையும் சேர்த்துக்கொண்டது. எதிரில் நின்று பார்த்தால் கொழுகொழுவென்று கழுதைக்குட்டி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறுத்தி வைத்த ஒரு கோடு. உடம்பில் கறுப்பு வெள்ளை தவிர வேறு நிறம் கிடையாது, தொண்டையில் சத்தம் கிடையாது. கழுதை என்றால் எங்களுது என்று ஆற்றங்கரைச் சலவைக்காரர்கள் முதலில் உரிமை கொண்டாடி, அதன் முதுகில் ஒரு மூட்டையை ஏற்றினார்கள். மூட்டையிலிருந்த அரக்குச் சேலை வீடு போய்ச் சேர்வதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டது. சேலைக்காரி வந்து தெருவைக் கூட்டிச் சண்டை போட்டாள். ஆனால் அதே மூட்டையில் இருந்த வேட்டிகள் கண் கூசுகிற வெள்ளையாகியிருந்தன, அதற்குப் பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்குக்கூடத் துள்ளாண்டி சுமக்காத வேட்டியைக் கட்டி ஒரு மாப்பிள்ளை மணவறை ஏறியதில்லை. முனிசிபாலிடி ஆட்கள் தெருவில் திரிகிற மாடு என்று பிடித்து, மாடு அடைக்கிற பவுண்டில் அடைத்தார்கள். அது கேட்டின் அடியில் வழிந்து வெளியே வந்து அவர்களுக்கு முன்னால் ஆபீஸ் வாசலில் நின்றது, அவர்களும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். மழை தூறினால் போதும், மை கரைந்துவிடும் என்று எந்த வீட்டுக் கதவு பக்கத்தில் இருக்கிறதோ அது திறக்கும். நேற்று உங்க வீட்டுல இருந்துச்சே, இன்னைக்கு எங்க வீட்டுக்கு விடக்கூடாதா என்று பெண்கள் மழைக்குள் நின்று வாக்குவாதம் செய்வார்கள். பெருங்காற்று அடிக்கிற ஆடி மாசத்தில் அதன் வாலில் ஒரு கயிற்றைக் கட்டி யாராவது பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் ஊர் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. துள்ளாண்டி மாடிக் கைப்பிடிச் சுவரில் நடந்துகொண்டே போகும், சுவர் முடிந்த பிறகும் வெறும் காற்றில் நடந்துகொண்டே போகும், கீழே பார்க்காத வரைக்கும் விழாது. முதல் தடவை ஒரு மளிகைக்கடைக்காரர் பதறிப்போய் ஐயோ விழுந்துடுவே என்று கத்தினார், அது குனிந்து பார்த்தது, தொப்பென்று விழுந்து தட்டு மாதிரி நசுங்கி, பிறகு துருத்தி மாதிரி விரிந்து எழுந்தது. அடி ஒன்றுமில்லை, ஆனால் அது பட்ட அவமானத்தை ஊரால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு துள்ளாண்டி தலைக்கு மேலே காற்றில் நடந்தால், தெருவே வேறு பேச்சுப் பேசும். பருத்தி விலையைப் பேசும், பஸ் வராததைப் பேசும், அது அக்கரை சேர்ந்து ஒரு கூரையில் கால் வைத்த பிறகுதான் மூச்சு விடும்.

முதலாளி வேங்கடபதிக்கு மட்டும் பொறுக்கவில்லை. டாக்கீஸில் படத்தைப் போட்டால் வெறும் மரமும் தெருவும் மேளச்சத்தமும்தான் ஓடுகின்றன, மெட்ராஸ்காரன் பிரதி கேட்கிறான், எதை அனுப்புவது? துள்ளாண்டியை என் புத்தியில் உதித்த பிள்ளை என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு, அதைக் காலண்டர் மாதிரிச் சுருட்டிச் சணல் போட்டுக் கட்டிக் காரில் வைத்து மெட்ராசுக்குக் கிளம்பினார். அங்கே போய்ப் பிரித்தால் சணல்தான் இருந்தது. அவர் திரும்பி வருவதற்குள் துள்ளாண்டி கடைவீதியில் பொரி தின்றுகொண்டிருந்தது. முதலாளி காரை நிறுத்தி அதைக் கொஞ்ச நேரம் முறைத்தார், பிறகு அவரும் ஒரு பொட்டலம் பொரி வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

இத்தனையிலும் நாச்சிமுத்து பட்ட பாட்டைத்தான் சொல்ல வேண்டும். இறங்கி வந்த செய்தி கேட்டு அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். மானம் போச்சு என்றதெல்லாம் மறந்துவிட்டது. தன் கையில் பிறந்தது தரையில் நடக்கிறது, அதன் குளம்பு பட்டால் புழுதிகூடக் கிளம்பாமல் நடக்கிறது, எத்தனை நடை, எத்தனை ஒய்யாரம்! அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துள்ளாண்டி என்று கூப்பிட்டார். அது திரும்பவில்லை. முன்னால் போய் நின்றார். அது அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சோடாக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து இடது புருவத்தைத் தூக்கியது. ஊரில் அது பார்க்காத முகம் கிடையாது, கைக்குழந்தையைப் பார்க்கும், வழிப்போக்கனைப் பார்க்கும், நாயைப் பார்க்கும். நாச்சிமுத்துவைப் பார்க்காது. அவர் வருகிற பக்கம் கோடாகத் திரும்பி நின்றுகொள்ளும்.

ஆக்கினவருக்கு இது எப்படி இருக்கும்? அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், சலவைக்காரர்கள் உரிமை கொண்டாடட்டும், அது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீதானா என்கிற மாதிரித் தன்னைத் திரும்பிப் பார்த்தால் போதும். முடி வெட்டுகிறவர் ஒருநாள் கத்தியை நிறுத்திவிட்டு, ஏனுங்க, அந்தக் குட்டி புருவம் தூக்குறது அச்சா உங்களையாட்டவே இருக்குதுங்க என்று கண்ணாடியைக் காட்டினார். ஊருக்கே தெரிந்திருந்தது, அவருக்குத்தான் அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஏக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. வேலைக்குப் போவதை விட்டார். துள்ளாண்டி போகிற இடமெல்லாம் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போய், விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும், கண் கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் துள்ளாண்டி மங்க ஆரம்பித்தது. முதலில் வால் நுனி. கயிறு கட்டப் போனவர் கையில் வால் அகப்படவில்லை. பிறகு காதோரக் கோடு மெலிந்தது, பிறகு ஒரு குளம்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது. ஊர் கதிகலங்கியது. கண்ணு பட்டுப்போச்சு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள், மிளகாய் நெடியில் தெருவே தும்மியது. பஸ்ஸில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள்மேல் சந்தேகப்பட்டு, பஸ் வரும் நேரத்துக்குத் துள்ளாண்டியைச் சந்துக்குள் தள்ளி மறைத்தார்கள். மில் தொழிலாளிகள் வழியில் அதைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஆசையாகப் பார்ப்பதையே ஊர் விட்டுப் பார்த்தது. அப்படியும் நாளுக்கு நாள் வெயிலில் வைத்த படம் மாதிரி அது வெளுத்துக்கொண்டு வந்தது.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு தெய்வாத்தாள் நாச்சிமுத்துவைத் தேடிவந்தாள். அவர் ஆற்றங்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, எதிரே மணலில் நிற்கிற துள்ளாண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நேராக வந்து அவருக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“ஏனுங்ணா, அன்னைக்குக் கேட்டீங்களே, காகிதத்துக்கு எவன் கண்ணு படும்னு. இப்பச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஊர்க் கண்ணுக்கு நாங்க பொட்டு வெக்கலீங்க. உங்க கண்ணுக்கு வெச்சோம்.”

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். பெத்தவள் தன் பிள்ளை சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்க்க மாட்டாள், ஊரார் கண்ணைவிடத் தன் கண்ணுக்குத்தான் அவள் அதிகம் பயப்படுவாள். நீங்கள் வரைந்து முடித்த ஒவ்வொரு படத்தையும் சோறு தண்ணியில்லாமல் பார்த்துக்கொண்டு இருந்ததை நாங்கள் பார்த்தோம், பயந்துபோய்த்தான் பொட்டு வைத்தோம் என்றாள். அந்தப் பொட்டும் பறந்துபோய்விட்டது, இப்போது அதற்குக் காவல் ஒன்றும் இல்லை, அதனால்தான் அது உங்களைக் கண்டால் கோடாகத் திரும்பி நிற்கிறது என்றும் சொன்னாள்.

“நான் ஆக்கினதை நான் பார்க்கக் கூடாதா?” என்றார் நாச்சிமுத்து. கோபமாகக் கேட்க நினைத்தார், கெஞ்சுகிற மாதிரி வந்தது.

“பாருங்க. யாரு வேண்டாம்னா? பார்த்தா இருக்காதுங்க, அவ்வளவுதான்.”

அவர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். மூடநம்பிக்கை என்றார், உன் கூட்டத்தால்தான் எல்லாம் என்றார். தெய்வாத்தாள் கேட்டுக்கொண்டே நின்றாள், இடத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் அவர் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சன்னலுக்குத் துணி கட்டினார். சும்மா பார்ப்போமே, இவள் சொல்வது பொய் என்று காட்டுவோமே என்றுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் வெளியே தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வால் வந்துடுச்சு என்று யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள். பிறகு காது வந்ததற்கு ஒரு சத்தம், குளம்பு வந்ததற்கு ஒரு சத்தம். நாச்சிமுத்து துணி கட்டிய சன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் அத்தனையையும் கேட்டார்.

ஊரை விட்டுப் போய்விடலாம் என்று பெட்டி கட்டினார். பஸ் ஏறவும் போனார். ஏற முடியவில்லை. பார்க்க முடியாவிட்டாலும் அது இருக்கிற ஊரில் இருக்கலாமே என்று பெட்டியோடு திரும்பி வந்தார். ஊர் அதற்கும் ஒரு வழி செய்துகொண்டது. துள்ளாண்டி எந்தத் தெருவில் நுழைகிறதோ, அங்கேயிருந்து வாய் வாயாகத் தகவல் வரும், நாச்சிமுத்தண்ணா திரும்பிக்கோங்க என்று. அவர் கையில் டீ கிளாஸ் இருந்தால் டீ கிளாஸோடு, பாதி முகம் சவரம் ஆகியிருந்தால் பாதி முகத்தோடு, பக்கத்திலிருக்கிற சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். அப்படி அவரை நிற்க வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் சனத்துக்கு மனசு வரவில்லை. யாராவது ஒருத்தர் அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்: இப்பக் காதை ஆட்டுதுங்க, இப்ப முறுக்குக்கார ஆயா கூடையை மோந்து பார்க்குதுங்க, இப்பத் தும்மப் போகுதுங்க, தும்மிடுச்சு, தும்மினதுல அதுவே பின்னாடி போய் விழுந்துடுச்சுங்க. நடக்காததைச் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. நாச்சிமுத்துவுக்கு எது பொய் என்று உடனே தெரிந்துவிடும், அது அப்படிச் செய்யாது என்பார்.

நாளாக ஆக அவருக்கு இன்னொன்றும் பிடிபட்டது. துள்ளாண்டிக்கு முதுகைக் காட்டி நின்றால், அதைப் பார்த்து நிற்கிற சனத்தின் முகம் அவருக்கு எதிரே இருக்கும். இத்தனை வருசம் குனிந்து குனிந்து வரைந்தவர் அதைப் பார்த்ததே கிடையாது. மில்லில் பன்னிரண்டு மணி நேரம் நின்று காலெல்லாம் வீங்கி வருகிறவன் முகம் மெல்ல அவிழும். புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். பல் இல்லாத வாய்களும் பல் முளைக்காத வாய்களும் ஒன்றாகத் திறக்கும். சிரிப்பு எந்த இடத்தில் கிளம்பி எந்த இடத்தில் ஏறுகிறது என்று பார்த்தே, பின்னால் துள்ளாண்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவார். அடே, நான் எழுதினதுதானே இது என்று அவருக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த மாதிரி நேரங்களில் அவர் சந்தோசமாகவே இருந்தார். ராத்திரி படுக்கும்போதுதான், அது மட்டும் என்னை ஒரு தடவை பார்த்திருந்தால் என்று புரண்டு புரண்டு படுப்பார்.

தை பிறந்து சில நாள் ஆன ஒரு சாயங்காலம், சங்கு ஊதி மில் விட்ட நேரம், கடைவீதியில் தகவல் வந்தது. நாச்சிமுத்து பொரிக்கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் தெய்வாத்தாள் நின்று சொன்னாள். பாலத்துல இருந்து இறங்குதுங்க, சோடாக் கடையைத் தாண்டிடுச்சுங்க, யார்கிட்டயும் நிக்கலீங்க, நேரா வருதுங்க என்றாள். பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது. தெருவில் சிரிப்பும் நின்றுவிட்டது. மில் விட்டு வந்த அத்தனை பேரும் சைக்கிளைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். யாரும் பருத்தி விலையைப் பேசவில்லை.

நாச்சிமுத்துவின் வலது தோளில் ஏதோ வந்து படிந்தது. கனம் என்று சொல்ல ஒன்றும் இல்லை; சட்டைத் துணி தோளில் படிகிற அளவுதான். கன்னத்தோரம் மை வாசனை அடித்தது, அவருடைய கொட்டகையின் பழைய மை வாசனை.

“தெய்வாத்தா, என்ன பண்ணுது?” என்று கேட்டார்.

அவள் ஓரடி நெருங்கி வந்து சொன்னாள்.

“தோள்ல தாடையை வெச்சுட்டு உங்க மூஞ்சியவே பாக்குதுங்ணா. ஒரு பக்கமும் திரும்பலீங்க. உங்களைத்தான் பாக்குது.”

கழுத்தை ஒரு நூல் திருப்பினால் போதும். நாச்சிமுத்து இடது புருவத்தைத் தூக்கினார், உதட்டைப் பிதுக்கினார், தெரு முழுக்க மெதுவாகச் சிரிப்பு எழும்பியதைக் கேட்டார், கேட்டுக்கொண்டே கண் இரண்டையும் இறுக்க மூடிக்கொண்டார்.